ஒரு சாக்கும் என் இடது காலும்

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசராக இருந்த காலத்தில், நோயாளிப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. 'சாக்கு.' காய்ச்சல், இருமல், குளவிக்கொட்டு, கத்திவெட்டு எல்லாவற்றையும் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதுவேன். வேலைக்குப் போகாமல் இருப்பதற்கென்றே வந்த ஆள் என்று எனக்குப் பட்டால் மட்டும் பென்சிலை எடுப்பேன். தமிழில் எழுதுவேன். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அது ஒரு வசதி. ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிக்குத் தெரியுமே என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை மலைக்குக் கீழேயிருந்து வருவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் டாக்டர். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் உடைந்த மண்டையைத் தைப்பது, தைத்தபிறகு இருவருக்கும் புத்தி சொல்வது எல்லாம் என் தலையில்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் கீழே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு இருந்தது.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் மூக்கில் முதலில் வருவது வாசனைதான். பெக்டரியில் கொழுந்து வறுபடும் வாசனையும் என் அறையின் டெட்டால் வாசனையும் ஒன்றாய்க் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசலில் ஜனங்கள் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எதிர்மலை முழுக்கத் தேயிலை. எட்டு மணிக்குப் பனி விலகினால் அதில் கொழுந்து பறிக்கிற பெண்களின் தலைகள் மட்டும் தெரியும். அந்த ஜன்னலுக்காகவே அந்த வேலையை இன்னொரு தடவை செய்யலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுவதுண்டு.

வரிசையில் நிற்கிறவர்களில் யார் நிஜ நோயாளி, யார் நடிகர் என்று கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். வெங்காயத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கீழ்த் தோட்டத்திலேயே பார்த்தாயிற்று. இங்கே வேறு வித்தை. வாசலுக்கு வருமுன் ஒரு வாய் சுடு தேத்தண்ணியை வாயில் அடக்கி வைத்திருந்துவிட்டு அப்புறம் தெர்மாமீட்டரைக் கடிப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணிக்கா பஞ்சம்? நான் ஒவ்வொருவரையும் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, அப்புறம்தான் காய்ச்சல் பார்ப்பேன். காய்ச்சல் காணாமல் போயிருக்கும். பென்சில் வெளியே வரும். என் மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவள் ஒப்புக்குச் சிரிப்பாள்.

இனிச் சொல்லப் போகிறவரை இப்போது அக்கா என்று எழுதுகிறேன். அப்போது நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'என்னம்மா', 'சொல்லும்மா', அவ்வளவுதான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எட்டாம் லயத்துக் கடைசி வீடு. புருஷன் காமாலையில் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளிக்குத் தோட்டத்து லோரியில் போய்வந்துகொண்டிருந்தாள். கொழுந்து பறிப்பதில் அந்த மலையிலேயே அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு கையும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது, கூடை நிறைவதுதான் தெரியும். லயத்து வீடு வேலை செய்கிற ஆளின் பெயரில் இருக்கும். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பீடோர் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டும், மகளின் படிப்பு அத்தோடு சரி. இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குத்தான், எனக்கும் தெரியும்.

முதல் தடவை அவர் வந்து சொன்னது ஒரே வாக்கியம்.

"காலு தரையில ஒட்டிக்குதுங்கய்யா."

எங்கே ஒட்டுகிறது என்று கேட்டேன். வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாய் அண்டையில், பெரட்டுக் களத்தில் விடியற்காலை பெயர் கொடுக்கப் போகும்போது என்றார். மலையில் வேலை செய்யும்போது ஒட்டுகிறதா என்றேன். மலையில் ஒன்றும் இல்லை என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். வீட்டில் ஒட்டுமாம், பெரட்டில் ஒட்டுமாம், செங்குத்தான மலையில் ஒட்டாதாம். முட்டியில் சுத்தியால் தட்டினேன், பாதத்தில் ஊசியால் குத்தினேன், எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பாட்டில் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

இரண்டாம் தடவை என் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. பாதம் இரண்டும் அதே இடத்தில் கிடந்து சின்னச் சின்னதாய்த் துடித்தன. பின்னால் வரிசை நிற்கிறது. நாள் பூரா நிற்கப் போகிறாயா என்று சத்தம் போட்டேன். யாரோ கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார்கள். பரிசோதித்தேன், ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்மலையில் வெட்டிவைத்த மண்படிகளில் அதே அக்கா முதுகில் கூடையோடு ஏறிக்கொண்டிருக்கிறார். நிற்கவே இல்லை. படி மேல் படியாக ஏறி மேட்டுக்கே போய்விட்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா என்று இரண்டாவது 'சாக்கு' எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த வாரம் என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். எட்டாம் லயத்தில் எல்லாரும் அக்காவைப் பற்றிக் குறை சொல்கிறார்களாம். முன்னே மாதிரி முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். எதிரே போய்ச் சிரித்தாலும் கல்லு மாதிரிப் பார்க்கிறாராம். மகள் ஆங்கிலம் படிக்கிறாள் என்று கர்வம் பிடித்துப்போய்விட்டதாம். என் மனைவி கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"அவங்க சிரிக்கணும்னுதான் நினைக்கிறாங்க. முகத்துக்குச் சிரிப்பு வந்து சேரமாட்டேங்குது" என்றாள்.

வேண்டுமானால் நாளையிலிருந்து நீயே டிரெசர் வேலையைப் பார் என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் கேட்ட நோய்க் குறிப்புகளிலேயே மிகச் சரியானது அதுதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மூன்றாம் தடவை அக்கா வந்து, கையும் மந்தமாகிவிட்டது, கொழுந்து எடை குறைகிறது, கங்காணி ஏசுகிறார் என்றார். மூன்றாவது 'சாக்கு' விழுந்தது.

அதற்குச் சில மாதம் கழித்து, பெக்டரியில் ஒருவருக்கு மெஷினில் விரல்கள் மாட்டிக்கொண்டன. தோட்டத்து வேனில் அவரை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாக ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு சீனக் கிழவர், வழவழவென்ற சமதரையில் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தார். தாதி கையைப் பிடித்து இழுக்கிறாள், அவர் நகரவில்லை. பாதம் இரண்டும் அதே இடத்தில் கிடந்து சின்னச் சின்னதாய்த் துடித்தன. முகத்தில் ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் ஓர் இளம் டாக்டரம்மா வந்து, கிழவரை மெல்லத் திருப்பி மாடிப்படிக்கு முன்னால் நிறுத்தினார். கிழவர் படியைப் பார்த்தார். பார்த்தவர் பிள்ளை மாதிரி விறுவிறுவென்று ஏறி மேலே போய்விட்டார். மேலே போய், தரை சமமானதும், மறுபடியும் நின்றுவிட்டார்.

கோப்பிக் குவளையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

அந்த டாக்டரம்மா என்னைவிட இளையவர், சீனப்பெண், பொறுமைசாலி. நான் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் கேட்டதையெல்லாம் நின்று கேட்டார். பார்க்கின்சன் என்றார். நான் படித்த காலத்தில் அந்த வியாதிக்குப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. கை நடுங்கும் என்று மட்டும் ஞாபகம். கை நடுங்காமலும் வரும் என்றார் அவர். சமதரையில் நாம் யோசிக்காமலே நடக்கிறோம், அந்த யோசிக்காத நடையைப் பார்த்துக்கொள்ளும் இடம் மூளையில் பழுதாகிறது. படியோ கோடோ கண்ணில் பட்டால் கண் வேறொரு வழியில் காலுக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்டவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நடக்கிறார்கள் என்று ஆராய்ச்சிக்காகக் குறித்து வருவதாகச் சொன்னார். பிறகு என்னைக் கேள்வி கேட்டார். உன் நோயாளியின் முகம் எப்படி இருக்கிறது? சிரிக்கிறாரா? அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள்? எல்லாக் கேள்விக்கும் என் மனைவி முன்பே பதில் சொல்லியிருந்தாள். நான் அவள் சொன்னதையே ஒப்பித்தேன்.

மறுவாரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனோம். மகளுக்குப் பரீட்சை, அதனால் என் மனைவி துணைக்கு வந்தாள். ரிங்லெட் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கீழே இறங்கிப் பல வருஷம் ஆயிற்றாம். தாப்பாவில் வெயில் முகத்தில் அடித்ததும் சுவெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் எப்படி மனுஷர் இருக்கிறார்கள் என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். அக்காவின் சிரிப்பு குரலில் மட்டும் இருந்தது. நான் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

டாக்டரம்மா அக்காவின் விரல்களைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார். அறைவாசலில் கால் ஒட்டிக்கொண்டது. உடனே டாக்டரம்மா தன் காலை, செருப்போடு, அக்காவின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, தாண்டு என்று சைகை காட்டினார். அக்கா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம் வீடுகளில் மனுஷர் காலைத் தாண்டக்கூடாது. விளையாட்டில் பிள்ளைகள் தெரியாமல் தாண்டிவிட்டாலும் 'திரும்பித் தாண்டு' என்று பிடித்து நிறுத்தித் தாண்ட வைப்போம், அப்போதுதான் தாண்டிய தோஷம் போகும். அதிலும் டாக்டர் காலை, படித்தவர் காலைத் தாண்டுவதா? இதை நான் என் மலாயில் விளக்கி முடிக்குமுன் டாக்டரம்மா சிரித்துவிட்டு, கால் வேண்டாம், குறுக்கே எதைப் போட்டாலும் சரி என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்த நேரத்தில் நடக்கிறார், எந்த நேரத்தில் நிற்கிறார் என்று எழுதிக்கொண்டு வா, இது எனக்கு ரொம்ப முக்கியம் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

குறுக்கே என்ன போடுவது என்று அக்காதான் கண்டுபிடித்தார். காலையில் தேயிலைச் செடியெல்லாம் பனியில் நனைந்திருக்கும். பாவாடை ஈரமாகாமல் இருக்கப் பெண்கள் இடுப்பில் கோணிச் சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். பழைய சாக்கு ஒன்றை நீளமாய் மடித்து வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டார். கால் ஒட்டினால் சாக்கைப் பார்ப்பார், தாண்டுவார், நடப்பார். தண்ணீர்க் குழாய் அண்டையில் இன்னொன்று. நான் போய்ப் பார்த்துவிட்டு அவரைப் பாராட்டினேன். திரும்பி வரும் வழியில் லயத்துப் பிள்ளைகள் 'சாக்கு அக்கா, சாக்கு அக்கா' என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். வாசலில் சாக்கைப் போட்டதால் அந்தப் பெயர் வந்துவிட்டது என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. சாக்குப் போட்டது போன மாதம், அந்தப் பெயர் அதற்கு அரை வருஷம் முந்தியது என்றாள். மாதக் கடைசியில் என் புத்தகத்தைப் பார்த்து ரிப்போர்ட் தட்டச்சு செய்கிற கிராணி, ஓரத்தில் இருந்ததைப் படித்துக் கோயில் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். லயம் பூரா பரவிவிட்டது. அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் மூன்றாம் தடவையும் என்னிடம் வந்தார், தெரிந்துதான் என்னோடு ஈப்போவுக்கும் வந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவிக்கும் முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கதான் என்னை டிரெசர் வேலை பார்க்கச் சொன்னீங்களே என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த நோட்டை எழுதினேன் பாருங்கள், பரீட்சைக்குக்கூட அப்படி எழுதியதில்லை. வாசலிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி, எத்தனை தடவை நின்றார், எந்த மணிக்கு. மாத்திரை வேலை செய்தது. இரண்டு வாரத்தில் நடை லேசாகி, ஒரு நாள் பெரட்டில் யாரோ சொன்ன கேலிக்கு அக்கா சிரித்தார், முகமும் சேர்ந்து சிரித்தது. அதைச் சிவப்பு மையில் எழுதினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோசமாக இருந்தது. நாலு வாரம், அஞ்சு வாரம், ஞாயிறு தவறாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நான் ஆட்டிறைச்சிதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். ஞாயிறானால் கறிச்சோறு, அதனால் உடம்பு கனத்துவிடுகிறது என்று சொல்லி, பாவம், இரண்டு ஞாயிறு அவர் வாயைக் கட்டினேன். அப்போதும் அப்படியே.

காரணத்தை மகள்தான் சொன்னாள். வீட்டில் கடிகாரம் கிடையாது. காலைச் சங்கு, மத்தியானச் சங்கு, சாயந்திரச் சங்கு, மூன்று மாத்திரைக்கும் பெக்டரிச் சங்குதான் கணக்கு. நானே அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. அம்மா காத்துக்கொண்டே இருப்பார், ஊதினால்தானே போட! என் வீட்டுக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈப்போவுக்குப் போனபோது டாக்டரம்மா அந்தப் பக்கத்தைப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் கறியோடு சேர்த்துப் போட்டாலும் இந்த மாத்திரை சரியாக ஏறாது, நீ சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் சந்தோஷமாக இருந்தேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு கொழுந்து வெட்டப் பெரிய கத்தரிகள் வந்தன. கையால் பறிக்க அத்தனை பேர் வேண்டியதில்லை என்று ஆபீசில் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். உடம்புக்கு முடியாதவர்கள், வேலைக்கு ஒழுங்காக வராதவர்கள் பெயர்கள் முதலில். அக்காவின் பெயர் அதில் இருந்தது. மகள் அப்போது ஐந்தாம் படிவம், பள்ளியிறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஏழெட்டு மாதம். நான் டாக்டரம்மாவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். துரை வெள்ளைக்காரர் அல்ல, நம் நாட்டுக்காரர்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் துரைதான். கடிதத்தைப் படித்தார். பிறகு கிராணியைப் பார்த்தார். கிராணி என் பழைய நோயாளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று இடத்திலும் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. கிராணி ஒவ்வொன்றாகப் படித்து ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னார். துரை என்னிடம் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். ஏமாற்றுகிறார் என்று எழுதியதும் நீ, நோயாளி என்று சொல்வதும் நீ, இதில் எதை நான் நம்புவது? இந்த மனுஷி மலை ஏறுவதைத் தினமும் நானே பார்க்கிறேனே? நான் எழுதியது தப்பு என்றேன். அது போதாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்போது மத்தியானச் சங்குக்கு இன்னும் அரைமணி இருந்தது. காலை மாத்திரையின் வேகம் அடங்குகிற நேரம் அதுதான் என்று என் நோட்டு சொல்லும். அக்கா மலையிலிருந்து நேராக வந்தார். ஆபீசுக்குப் போகிறோமே என்று மரியாதைக்காக இடுப்புச் சாக்கை அவிழ்த்துப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆபீசுக்கு முன்னால் மூன்று சிமெண்டுப் படி. மூன்றையும் சரசரவென்று ஏறினார். துரை என்னைப் பார்த்தார். வாசலுக்கு வந்தவர், அங்கேயே நின்றார். பாதம் துடித்தது. கிராணி பேப்பரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டு சிரித்தார். நடிப்பு என்று நினைக்க அதைவிடப் பொருத்தமாய் எதுவும் இருக்க முடியாது, துரையின் நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்த நினைப்புத்தான் என்னை எழுப்பியது.

போனேன். சப்பாத்தைக் கழற்றினேன். என் இடது காலை அக்காவின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

"தாண்டுங்கக்கா."

அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணாங்கய்யா. பாவங்கய்யா."

"எழுதுனது என் கை. அதுக்கு என் காலத் தாண்டுனா ஒண்ணும் ஆயிடாது. தாண்டுங்கக்கா."

அக்கா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். வலது காலைத் தூக்கினார், என் காலைத் தாண்டினார். தாண்டியதும் நிற்கவில்லை, ஒரே நடையாய் மேசைவரை போய்த் துரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரை எழுந்து வந்து, அவரைத் திரும்ப வாசலுக்குக் கூட்டிப்போய், தன் ரூலர் கம்பைத் தரையில் போட்டுத் தாண்டச் சொன்னார். தாண்டினார். கம்பை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார். நின்றுவிட்டார். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்தார் துரை. பிறகு, இவரைப் பெக்டரியில் உட்கார்ந்து காம்பு பொறுக்கும் வேலைக்குப் போட்டுவிடு, வீடு அப்படியே இருக்கட்டும் என்று கிராணியிடம் சொன்னார். கிராணி உடனே அக்காவைப் பின்வாசல் வழியாகப் பெக்டரிக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். பென்சிலைத் தூக்கி அடுப்பில் போட்டேன், கொஞ்சம் நாடகம்தான், ஆனால் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எனக்கு மலையில் மிக நல்ல வருஷங்கள். மகள் பரீட்சையில் தேறி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். அக்கா பெக்டரியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து வறுத்த தேயிலையில் காம்பு பொறுக்குவார். மாத்திரையை டாக்டரம்மா கூட்டினார், குறைத்தார், நான் எழுதிக்கொண்டே இருந்தேன், நோட்டு நாலாகி அஞ்சாகியது. 'சாக்கு அக்கா' என்ற பெயர் போகவில்லை. ஆனால் பிள்ளைகள் அதை வாசல் சாக்கை வைத்தே சொன்னார்கள், முதல் காரணம் எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. கியா பார்ம் பக்கம் போகிற நாளில் என் மனைவி அவருக்கென்று ஒரு முட்டைக்கோஸ் வாங்கிவருவாள். நான் மட்டும் அந்த முதல் காரணத்தை மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். ஒரு டிரெசர் ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

எண்பதுகளில் எனக்குக் கீழே மாற்றலாயிற்று. சாமான் ஏற்றிய லோரி செம்மண் பாதையில் நின்றது. மனைவி முன்சீட்டில் ஏறிவிட்டாள். லயத்து ஜனங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்கா மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். அந்த வருஷத்தில் மாத்திரை முன்போலக் கேட்பதில்லை, முகம் மறுபடியும் இறுகிவிட்டிருந்தது, குரலும் கம்மிவிட்டது. நான் அன்றைக்காவது கேட்டுவிடுவது என்று இரண்டு நாளாக மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு ஆபீசுல ஐயா காலத் தாண்டுனேன். பின்வாசலால கூட்டிட்டுப் போயிட்டாங்க. திரும்பித் தாண்டவே இல்ல. இத்தன வருசமா மனசுல கெடக்குதுங்கய்யா. காலக் கொஞ்சம் வைங்க."

இத்தனை வருஷமாய் அவர் வீட்டு வாசலில் நான் பலகாரத் தட்டோடு நின்றபோதெல்லாம், அந்த மனுஷி இதை நினைத்துக்கொண்டா நின்றிருக்கிறார்? சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பாதையில் என் இடது காலைக் குறுக்கே வைத்தேன். கல் குத்தியது. அக்கா மகளின் தோளை விட்டுவிட்டார். குனிந்து காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுத்தது, லோரிக்காரர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிறகு தாண்டினார். தாண்டிவிட்டு, போய்ட்டு வாங்கய்யா என்றார்.

நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாயில் இல்லை.

"என்னையும் மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"எதுக்குங்கய்யா?" என்று கேட்டார்.

தெரியாமல் கேட்டாரா, தெரிந்துகொண்டு கேட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லோரி கிளம்பி ரிங்லெட் வளைவுகளில் இறங்கும்வரை நான் என் மனைவியிடம், அக்கா சிரித்தாரா, நீ பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.